கோழி பிடித்தவன் கைதி! குன்றை விழுங்கியவர்?

கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும் நாட்டுக்கோழியின் காலைக் கவனித்ததுண்டா, தோழர்களே? சில கோழிகளுக்குக் கால் வெளுத்திருக்கும், சிலவற்றிற்குக் கறுத்திருக்கும், பலவற்றிற்கோ மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் பளிச்சென்றிருக்கும். கறிக்கடைக் கூண்டிலே அடைபட்டுக் கிடக்கும் பிராய்லர் கோழிக்கும் அதே மஞ்சள் கால்தான். அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? மக்காச்சோளத் தீனியிலிருந்து வந்தது என்பார் கடைக்காரர். பாதி உண்மைதான். ஆனால், தீனியிலுள்ள மஞ்சளைத் தோலிலே தங்கவிடும் தன்மை அந்தக் கோழியின் பிறப்பிலேயே இருக்கவேண்டும். இல்லையேல் மூட்டை மூட்டையாகச் சோளத்தைக் கொட்டினாலும் தோல் வெளுத்துத்தான் கிடக்கும். அந்தத் தன்மையை வீட்டுக்கோழிக்குத் தந்தது யார்? தென்னாட்டு மலைகளில் சருகைக் கிளறிக்கொண்டு, மனிதனின் காலடி கேட்டால் புதருக்குள் ஓடி மறைகிறதே, அந்தக் கானக்கோழி!

இதை நாமாகச் சொல்லவில்லை. தமிழன் பெருமை பேசுகிறான் என்று யாரும் தள்ளிவிட வேண்டியதுமில்லை. ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2008-ல் ஆராய்ந்து வெளியிட்ட செய்தி இது. உலகெங்கும் கூண்டிலும் கொல்லையிலும் வாழும் வீட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. சீனத்தின் தென்மேற்கு, பர்மா, தாய்லாந்தின் வடபகுதி ஆகிய வட்டாரத்துச் சிவப்புக் கோழியிலிருந்தே அது பழக்கப்பட்டது என்று 2020-ல் இன்னொரு பெரிய ஆராய்ச்சி உறுதி செய்தது. ஆனால் மஞ்சள் தோல் மட்டும் அந்தச் சிவப்புக் கோழியின் சொத்தல்ல. அது நம் சாம்பல் நிறக் கானக்கோழியிடமிருந்து, எப்போதோ ஒரு காலத்தில், ஊர்க்கோழியும் காட்டுக்கோழியும் கூடிப் பிறந்த குஞ்சுகள் வழியாக உள்ளே புகுந்த சொத்து. இன்று உலகில் எந்த நேரத்திலும் உயிரோடிருக்கும் கோழிகளின் தொகை 2,000 கோடிக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் மஞ்சள் கால் படைத்தவை அத்தனையும் இந்த மலைக்கோழிக்குக் கடன்பட்டவை.

டார்வின் பெயரைக் கேள்விப்படாத தோழர் இருக்கமாட்டார். அவர் 1868-ல் எழுதிய நூலில், வீட்டுக்கோழிக்கெல்லாம் ஒரே மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான் என்று வாதாடி முடித்துவிட்டார். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் பலர் சாம்பல் கோழியையே மூதாதை என்று எண்ணியிருந்தார்கள். அப்படி எண்ண வழிசெய்தவர் பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர். நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியிலே வாழ்ந்தவர். 1782-ல் வெளியான தமது பயண நூலில் இந்தப் பறவையைப் படத்தோடு ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். 1813-ல் டெம்மிங் என்ற ஹாலந்து அறிஞர் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது சொன்னராவின் பெயரையே வைத்தார். டார்வின் சொன்னது பெரும்பகுதி சரி. சொன்னரா காலத்தார் எண்ணியது முழுக்கப் பொய்யுமல்ல. மேதைகளின் தீர்ப்பையும் 140 ஆண்டு கழித்து ஒரு கோழியின் கால் திருத்தி எழுதிற்று! மேலே யார் சொன்னாலும் ஆராயாமல் தலையாட்டக்கூடாது என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமல்லவா?

சொன்னரா அறிமுகப்படுத்தினார் என்றோம். ஐரோப்பாவுக்குத்தான் அறிமுகம், நமக்கல்ல. குறுந்தொகையிலே குழற்றத்தனார் என்ற புலவர் பாடிய முல்லைப்பாட்டு ஒன்று இருக்கிறது. மணமாகிப் போன மகளின் குடித்தனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய செவிலி, பெற்ற தாயிடம் சேதி சொல்கிறாள். பூமணம் வீசும் காட்டுப்புறத்துச் சிற்றூரில் உன் மகள் இருக்கிறாள். அவள் கணவன் அரசன் ஏவிய வேலைக்குப் போனாலும் இரவு தங்காமல் வீடு திரும்பிவிடுகிறான் என்கிறாள். அந்தச் சிற்றூரைக் காட்டுவதற்குப் புலவர் நம் கண்முன் நிறுத்துவது எதை? மாடத்தையா, மதிலையா? கானக்கோழிச் சேவலை! அதன் கழுத்திலே ஒளிவிடும் புள்ளிகள். அந்தப் புள்ளிகளின்மேல் புதர் சொட்டும் குளிர்ந்த நீர்த்துளி.

அந்தப் புள்ளி இருக்கிறதே, அதுதான் விஷயம். உலகிலுள்ள காட்டுக்கோழி வகை நான்கு. வடக்கேயும் கிழக்காசியாவிலும் சிவப்புக்கோழி. ஜாவா பக்கத்துத் தீவுகளில் பச்சைக்கோழி. இலங்கையில் ஒன்று, அது அந்நாட்டின் தேசியப் பறவை. நான்காவது தென்னாட்டின் சாம்பல் கோழி. இந்தியாவைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இந்தச் சாம்பல் கோழி கிடையாது. நான்கிலும் கழுத்து இறகிலே மெழுகை உருக்கிச் சொட்டு வைத்ததுபோல் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி படைத்தது இது ஒன்றுதான். இன்று பறவை நூலார் இந்த இனத்தைப் பிரித்தறியச் சொல்லும் முதல் அடையாளம் அதுவே. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தமிழ்ப்புலவன் தொலைநோக்கிக் கண்ணாடி இல்லாமல் அதைக் கண்டு சொல்லிவிட்டான். காட்டைக் கண்ணால் கண்டவன் பாடிய பாட்டு அது, அரண்மனைச் சாய்வு நாற்காலியில் கற்பனை செய்ததல்ல.

சேவல் வாலோடு சேர்த்தால் இரண்டரை அடி நீளமிருக்கும். உடல் சாம்பல், வால் கருநீலம், கால் சிவப்பு. கோழியோ மண்ணும் சருகும் கலந்த நிறம்; மார்பிலே வெள்ளைச் செதில்; அதற்குத்தான் மஞ்சள் கால். குரலைக் கேட்டால் ஊர்ச்சேவலென்று ஏமாறமாட்டீர்கள். நீட்டி முழக்குவதில்லை, துண்டு துண்டாக வெட்டிவெட்டிக் கூவும். விடியலிலும் அந்தியிலும் புதர் ஓரத்துக்கு வந்து மேயும். விதை, புல்லின் தானியம், களாப்பழம், இலந்தை, சூரை, உண்ணிச்செடிப் பழம், கரையான், ஈசல், எது கிடைத்தாலும் தின்னும். மூங்கில் பூத்து விதை உதிர்ந்தால் அங்கே கூட்டம் கூடும். இரவானால் மரக்கிளையிலோ மூங்கிலிலோ ஏறித் தூங்கும். குஞ்சு பொரிப்பது மட்டும் தரையிலே. புதரடியில் மண்ணைச் சற்றே சீய்த்துவிட்டு நான்கு முதல் ஏழு முட்டை வரை இட்டு மூன்று வாரம் அடைகாக்கும். முட்டையிடும் காலம் பெரும்பாலும் மாசியிலிருந்து வைகாசி வரை. இந்த மாதக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

விழுப்புரம் ஜங்ஷனிலும் திண்டிவனத்திலும் வேலை பார்க்கும் தோழர்களுக்கு இந்தப் பறவை ஏதோ நீலகிரிச் சீமான்களின் பறவை என்று தோன்றலாம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் அது இருப்பது உண்மை. ஆனால் நம் பக்கத்துக் குன்றுகளும் அதற்குத் தாயகமே. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சியை நெருங்கும்போது, யாரோ அரக்கர் பிள்ளைகள் கூழாங்கல் விளையாடிவிட்டுக் கலைக்காமல் போனதுபோல் பாறைமேல் பாறையாக அடுக்கிக் கிடக்கும் குன்றுகளைப் பார்க்கிறோமே, அந்தப் பாறை இடுக்குகளில் மண் தங்கும். மண்ணிலே உசிலும் வெப்பாலையும் காட்டு எலுமிச்சையும் காரையும் கிளுவையும் வேர்விடும். கீழே சருகு சேரும். சருகிலே பூச்சி பிறக்கும். அந்தச் சருகுதான் கானக்கோழியின் வயல். செஞ்சிக்குப் பக்கத்துப் பக்கமலைக் காடு அப்படிப்பட்ட ஒன்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும்வரை விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கல்வராயன் மலை இன்னொன்று; அது பெரிய காடு. அங்கே கோழிக்கு ஓட இடமிருக்கிறது. செஞ்சிப் பக்கத்துக் குன்றோ நெல்வயலுக்கும் மணிலாக் கொல்லைக்கும் நடுவே நிற்கும் தீவு. கடலில் உள்ள தீவுக்கும் இதற்கும் வேறுபாடு, இங்கே அலைக்குப் பதில் லாரி ஓடுகிறது.

இந்தக் கோழியை நாடிவந்தவர்களில் முதலில் வெள்ளைக்காரத் துரைமாரைச் சொல்லவேண்டும். கறிக்காகச் சுட்டது ஒருபுறம் இருக்கட்டும். இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் ஆற்றங்கரையில் பொழுதுபோக்காக சால்மன் மீன் பிடிக்கும் பிரபுக்கள் உண்டு. தூண்டிலில் புழுவைக் கோத்துப் பிடித்தால் கௌரவம் குறைந்துவிடுமாம்; வண்ண இறகுகளைக் கட்டிப் பொய்ப்பூச்சி செய்து மீனை ஏமாற்றுவார்கள். அந்தப் பொய்ப்பூச்சிக்குக் கண் வேண்டும். எதைக் கண்ணாக வைப்பது? குழற்றத்தனார் கண்ட அந்த ஒளிப்புள்ளியை! சேவலின் கழுத்துத் தோலை அப்படியே உரித்து உப்பும் வெயிலும் காட்டிக் கப்பலேற்றினார்கள். எங்கோ ஒரு பிரபுவின் ஞாயிற்றுக்கிழமை மீனுக்காக நம் மலைச்சேவலின் கழுத்து! பெண்களின் தொப்பிக்காகக் கொக்கும் மீன்கொத்தியும் இறக்கையிழந்த காலமும் அதுதான். அளவு மீறிப்போகவே 1902-ல் அன்றைய இந்திய அரசாங்கமே காட்டுப்பறவைகளின் தோலையும் இறகையும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாதென்று தடை போட்டது. இங்கிலாந்திலும் 1921-ல் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் வந்தது. தடை வந்த பிறகும் கள்ளத்தனமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. இப்போது அங்கேயே பண்ணையில் வளர்த்து இறகு எடுக்கிறார்கள்.

துரைமார் போனார்கள், துப்பாக்கி உரிமம் உள்ளூர்ச் சீமான்கள் கைக்கு வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதைத் திருத்தி, உரிமம் வாங்கிப் பொழுதுபோக்குக்கு வேட்டையாடும் வழக்கத்தையே அடைத்தார்கள். நல்ல சட்டம், அதை நாம் வரவேற்கிறோம். காட்டுக்கோழிக் கறி மருந்து என்றும், உடம்புக்கு வலு என்றும் சொல்லிக் கூடுதல் விலை கொடுத்து இரகசியமாக வாங்குகிறவர்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: அதிலே எந்த மாய மருந்தும் இல்லை. காசுள்ளவன் கேட்பதால்தான் காசில்லாதவன் கண்ணி வைக்கிறான். கழகத் தோழர், சங்கத் தோழர் எவரேனும் அந்தக் கறிக்கு ஆசைப்பட்டால் வெட்கப்படவேண்டும்.

ஆனால் சட்டம் யார் கழுத்திலே விழுகிறது என்பதையும் பேசத்தானே வேண்டும்? ஒரு கூலிக்காரன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் சூளையில் வேலை நின்றுபோன மாதம். குன்றின் அடிவாரத்தில் நூல்கண்ணி வைக்கிறான். ஒரு சேவல் சிக்குகிறது. வனத்துறைக்காரர் பிடித்தால் வழக்கு, ஜாமீன், வாய்தா. ஆண்டுக்கணக்கில் சிறை வைக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவன் இருளர் குடியில் பிறந்தவனாயிருந்தால் கேட்கவே வேண்டாம். காட்டோரம் நடந்தாலே சந்தேகம். அவன் செய்தது தவறில்லை என்று நாம் வாதாடவில்லை. ஒரு சேவலைக் கொன்றான், அது குற்றம்.

சேவல் வாழ்ந்த குன்றையே கொன்றால் அதற்கு என்ன பெயர்?

அதற்குப் பெயர் குத்தகை! 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின்கீழ் மாவட்ட ஆட்சியரின் முத்திரையோடு வழங்கப்படும் அனுமதி! குன்று இருக்கும் நிலம் காப்புக்காடு என்று பதிவாகியிருந்தால் ஒரு பாதுகாப்பு உண்டு. 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட சென்னை வனச்சட்டமும், 1980-ல் வந்த வனப்பாதுகாப்புச் சட்டமும் காவல் நிற்கும். அதே குன்றின் வால்பகுதி, அடுத்த மேடு, வருவாய்த்துறைப் புறம்போக்கிலோ பட்டா நிலத்திலோ இருந்தால் அது வெறும் கல்! காகிதத்தில் கோடு கிழித்த பக்கத்துக்குக் காடு என்று பெயர். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜல்லி. கோழிக்கு அந்தக் கோடு தெரியுமா? அது இரண்டு பக்கமும்தான் மேய்கிறது.

வானூர் வட்டத்திலே திருவக்கரையைச் சுற்றியுள்ள கல்குவாரிகளையும் கிரஷர்களையும் அறியாதவர் நம் பகுதியில் உண்டா? கல்லாகிப்போன பழங்கால மரங்களைக் காக்க அங்கே தேசியப் பூங்கா வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்துப் பூமியில் கிணறுபோலப் பள்ளம். அந்தக் கல் எங்கே போகிறது? சென்னை மாடிக்குப் போகிறது. நால்வழிச் சாலைக்குப் போகிறது. இரயில் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியாகப் போய்ப் படுக்கிறது. மணல் தட்டுப்பாடு வந்ததிலிருந்து பாறையை மாவாக அரைத்து எம்-சாண்டாகவும் போகிறது. வீடு வேண்டாமா, சாலை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நாம் குடிசையிலேயே கிடக்கவேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. எந்த மேட்டை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதுதான் நம் கேள்வி. குத்தகைக்காரரா, ஊர் மக்களா?

2021 நவம்பரில் தமிழக அரசு ஒரு விதி கொண்டுவந்தது. சரணாலயம், தேசியப்பூங்கா, யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் குவாரி கூடாது என்றது அந்த விதி. நாட்டோர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி எத்தனை நாள்? 2022 டிசம்பரில் அதே விதியைத் திருத்தி, ‘காப்புக்காடு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு சொல், தோழர்களே! சரணாலயத்துக்கு ஒரு கிலோமீட்டர் அப்படியே இருந்தது. யானை வழிக்கு இருந்தது. காப்புக்காட்டுக்கு மட்டும் போயிற்று. செஞ்சி வட்டாரத்துக் காடுகள் என்ன வகை? சரணாலயமல்ல, தேசியப்பூங்காவல்ல, காப்புக்காடு! ஊட்டிக்கும் முதுமலைக்கும் போட்ட குடை அப்படியே இருக்க, நம் ஊர்க் குன்றுக்குப் பிடித்த குடையைத்தான் மடக்கினார்கள். வருவாய் போகிறது, தொழில் முடங்குகிறது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

தொழில் என்கிறார்கள். தொழிலாளி வாழ்கிறானா என்று பார்ப்போம். கல்லுடைக்கும் தோழனின் நுரையீரலில் கல்தூள் படிந்து வரும் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே தெரிவிக்கவேண்டிய தொழில்நோயாக அது எழுதப்பட்டிருக்கிறது. மூச்சு வாங்கும், இருமல் நிற்காது, காசநோய் என்று தவறாக மருந்து கொடுப்பார்கள்; ஒருமுறை படிந்த தூளை எடுக்க மருந்தே இல்லை. எத்தனை குவாரியில் தண்ணீர் தெளித்துத் துளையிடுகிறார்கள்? முகமூடி கொடுத்திருக்கிறார்கள்? வெடிவைத்தபோது கல் தெறித்துச் செத்தவன் குடும்பத்துக்கு வழக்கில்லாமல் நட்டஈடு கிடைத்ததுண்டா? ஆகவே கோழியின் பக்கம் நின்றால் கல்லுடைக்கும் தொழிலாளிக்கு எதிரி என்று யாரேனும் முத்திரை குத்த வந்தால், நாம் நேராகவே பதில் சொல்வோம். அந்தக் குன்றின் சருகையும் அந்தத் தோழனின் மூச்சையும் தின்பது ஒரே வாய்தான்.

இன்னொரு ஆட்சேபமும் வரும். படித்த நண்பர்களிடமிருந்து வரும். “உலகப் பறவைக் கணக்கில் இந்தக் கோழிக்கு ஆபத்தில்லை என்றல்லவா போட்டிருக்கிறார்கள்? பின் ஏன் இந்தக் கூக்குரல்?” என்பார்கள். உண்மைதான், மறைக்கவேண்டியதில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையின் பெரிய காடுகளில் அது போதுமான தொகையில் இருக்கிறது. இனமே அழிந்துவிடும் நிலையில் இல்லை. பொய்ப் புள்ளிவிவரம் சொல்லி மக்களை மிரட்டுவது நம் வேலையல்ல. ஆனால் நீலகிரியிலே கோழி இருந்தால் செஞ்சியிலே போனாலென்ன என்பது என்ன வாதம்? தஞ்சாவூரில் நெல் விளைகிறது, ஆகவே விழுப்புரத்து ஏரி வற்றினாலென்ன என்பதுபோல்தானே? இது தரையில் வாழும் பறவை. ஆபத்து வந்தால் படபடவென எழும்பிச் சிறிது தூரம் பறந்து விழும். கொக்கைப்போல் மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் சக்தி அதற்கில்லை. ஒரு குன்றிலே கடைசிச் சேவல் போய்விட்டால், வயலையும் தேசிய நெடுஞ்சாலையையும் கடந்து இன்னொன்று வந்து குடியேறாது. போனது போனதுதான்.

மயிலைப் பாருங்கள், அதுவும் தரையில் மேயும் பறவைதான். ஆனால் அது காட்டை விட்டு வயலுக்கு வந்துவிட்டது, கொல்லைதோறும் மேய்கிறது, பயிர் போகிறதே என்று விவசாயி தலையில் கைவைக்கிறான். 1963-ல் தேசியப் பறவையாக்கிய பெருமையும் அதற்குண்டு. கானக்கோழியோ அடிவாரத்துக் கொல்லை ஓரம்வரை வந்து பொறுக்கினாலும், ஓடி ஒளியப் பக்கத்திலே புதர் இருந்தாலொழிய வாழாது. ஆகவே ஒரு குன்றில் கானக்கோழியின் குரல் கேட்கிறதென்றால் அங்கே புதர் இருக்கிறது, சருகு இருக்கிறது, மழைநீரைப் பிடித்துவைக்கும் மண் இருக்கிறது என்று பொருள். அந்த மண்ணில் ஊறிய தண்ணீர்தான் அடிவாரத்து ஏரிக்கும் கிணற்றுக்கும் வருகிறது. பம்புசெட் வைத்திருக்கும் விவசாயத் தோழர்கள் இந்தக் குரலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாசி முதல் வைகாசி என்று மாதக் கணக்கு சொன்னோமே, அதற்கு வருவோம். காட்டில் தீப்பிடிக்கும் மாதங்களும் அவைதான்! புல் புதிதாகத் துளிர்க்கட்டும் என்று ஒருவர் கொளுத்துவார். பீடித் துண்டை ஒருவர் எறிவார். மலைமேல் கோயிலுக்குப் போன கூட்டம் அடுப்பை அணைக்காமல் வரும். மரத்திலே கூடு கட்டிய பறவைக்கு ஓரளவு தப்ப வழியுண்டு. தரையிலே ஆறு முட்டையின்மேல் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு? ஒரு மாலைத் தீயில் அந்த ஆண்டுக் குஞ்சு முழுவதும் போய்விடும். குவாரியைத் தடுக்க அரசாணை வேண்டும். இந்தத் தீயைத் தடுக்க நம் இளைஞர் பத்துப்பேர் போதும்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மயிலம் என்றொரு குன்று இருப்பதை எல்லோரும் அறிவர். மேலே முருகன் கோயில். அவன் கொடியிலே சேவல். அந்தக் குன்றுக்கு எவரும் துளைபோடுவதில்லை. சாமி இருக்கிற குன்று என்பதால் தப்பியது! பக்கத்து மேட்டிலே சாமி இல்லை. ஆகவே அது ஜல்லியாயிற்று. கொடியிலுள்ள சேவலுக்குக் கும்பிடு, புதரிலுள்ள சேவலுக்கு வெடி. இது என்ன பக்தி என்று பக்தர்களே சொல்லட்டும். செஞ்சிக்கோட்டைக்கும் அப்படி ஒரு நல்லூழ் வாய்த்தது. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற ஒன்று செஞ்சி. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுக்கும் மதிலுக்கும் இனி உலகத்தின் கண் காவல். மகிழ்ச்சி. தேசிங்குராஜன் கதைப்பாட்டைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது; பெருமைப்படுவோம். மதிலுக்கு வெளியே, பட்டியலில் சேராமல், அதே பாறையும் அதே புதருமாக நிற்கும் குன்றுகளைத்தான் இனி நாம் கவனிக்கவேண்டும்.

எப்படிக் கவனிப்பது? 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிப்பின்படி பெரிய குவாரிகளுக்கும், ஒரே இடத்தில் கொத்தாக வரும் குவாரிகளுக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாகவேண்டும். சிறு குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றே தீரவேண்டும் என்று 2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. கூட்ட அறிவிப்பு பத்திரிகையின் உள்பக்கத்தில் சிறு எழுத்தில் வரும். கூட்டத்துக்குக் குத்தகைக்காரரின் ஆட்கள் வேனில் வந்து இறங்குவார்கள், கைதட்டுவார்கள், போவார்கள். நம் ஆட்கள் வயலில் இருப்பார்கள். அனுமதிக்காக எழுதிக்கொடுக்கும் அறிக்கையில், அந்த நிலத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பட்டியல் போடவேண்டிய இடம் ஒன்று உண்டு. காகம், மைனா, ஓணான் என்று எழுதி முடித்துவிட்டால் யார் கேட்பது? விடியற்காலையில் அந்தக் குன்றோரம் ஆடு ஓட்டிப் போகும் பெண்ணுக்கும், விறகு பொறுக்கும் கிழவருக்கும், இருளர் குடியிருப்பில் இருப்போருக்கும் அங்கே எந்தப் பறவை கூவுகிறதென்பது தெரியும். அவர்கள் வாயால் அதைச் சொல்லவைத்து, கூட்டக் குறிப்பில் எழுதவைப்பதற்குப் பட்டம் பெற்றவர் வரவேண்டியதில்லை; கிளைச் செயலாளர் போதும்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மே முதல் நாள், நம் நாள். கானக்கோழி முட்டையின்மேல் உட்கார்ந்திருக்கும் காலமும் அது. செஞ்சி, மயிலம், திண்டிவனம், வானூர்த் தோழர்கள் அன்று கொடியேற்றிய கையோடு சபைக்குப் போய், ஊரிலுள்ள மேடு ஒவ்வொன்றின் சர்வே எண் என்ன, அது காப்புக்காடா, புறம்போக்கா, பட்டாவா, எதற்கேனும் குத்தகை மனு நிலுவையில் உள்ளதா என்று கேட்டு, வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்கி வரட்டும்.